வீட்டு ரூட்டரும் விலாச எண்களும்

இற்றைநாளில் நம் திண்டுக்கல் நகரிலும், அதனைச் சூழ்ந்த தாடிக்கொம்பு, சின்னாளபட்டி, வேடசந்தூர் முதலிய ஊர்களிலும் வீதியில் நடப்போர், கம்பத்தினின்று கம்பத்திற்குத் தாவிச் செல்லும் மெல்லிய கருங்கம்பி ஒன்றைக் காணாதிரார். அஃது ஒளியிழைக் கம்பியாகும். முன்னர்த் தொலைக்காட்சிக்குக் கேபிள் இழுத்தவரே பல தெருக்களில் இப்போது இண்டர்நெட்டும் இழுத்துத் தருகின்றனர். அக்கம்பி வீட்டினுள் வந்து முடியுமிடத்தில் சுவரில் தொங்கும் சிறு பெட்டியே ரூட்டர் எனப்படுவது. மாட்ட வந்தவர் தம் கைபேசியில் ஒரு படத்தை ஓடவிட்டுக் காட்டிச் செல்ல, வீட்டாரும் மகிழ்ந்து, அதன்பின் அப்பெட்டியை ஒட்டடை அடிக்கும் நாளிலன்றி நினைப்பதில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்ஸ் பக்கத்தை முதன்முறை திறந்து பார்க்கும் மாணவர், அங்குள்ள வெற்றுக் கட்டங்களைக் கண்டு திகைத்தல் இயல்பே. ஐ.பி. விலாசம், சப்நெட் மாஸ்க், கேட்வே, டி.என்.எஸ். என அவை வரிசையாய் நிற்கும். இவற்றுள் நாம் நிரப்பத்தக்கன எவை, வெறுமையாய் விடத்தக்கன எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முடிவை முதலிலேயே கூறிவிடுவோம். கம்ப்யூட்டரில் ஏறக்குறைய ஒன்றையும் மாற்ற வேண்டுவதில்லை. ரூட்டரிலோ மூன்று நான்கு காரியங்களை மாற்றியே தீர வேண்டும். நம்மவர் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகும்.

பூர்வ சரித்திரத்தைச் சுருங்கச் சொல்வோம். நம் தேசத்தில் இண்டர்நெட் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். அக்காலத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு தொலைபேசிக் கம்பி என்பதே ஏற்பாடு. ஆதலின் வீட்டினுள் வலையமைப்பு என்ற பேச்சே எழவில்லை. 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் பாரத் சஞ்சார் நிகம் நிறுவனம் டேட்டாஒன் என்னும் பெயரால் பிராட்பேண்டு வழங்கத் தொடங்கியது. விநாடிக்கு 256 கிலோபிட் வேகமே அன்று பிராட்பேண்டு எனப்பட்டது. அவ்வரையறை 2013-இல் 512 கிலோபிட்டாகவும், 2023-இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. வேகம் வளர வளர வீட்டிலுள்ள கருவிகளின் எண்ணிக்கையும் வளர்ந்தது. தந்தையார் கைபேசி, தாயார் கைபேசி, மாணவரின் லேப்டாப், தொலைக்காட்சி, வாயிற்புறக் காமிரா ஆகிய யாவும் ஒரே கம்பியைப் பங்கிட்டுக் கொள்கின்றன. பங்கிட்டுக் கொடுப்பதே ரூட்டரின் தொழில்.

இப்பங்கீடு நடைபெறுவது விலாச எண்களைக் கொண்டு. பழைய முறையிலமைந்த ஐ.பி. விலாசம் நான்கு எண்களாலாயது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இம்முறையில் உலகிற்குக் கிடைக்கும் விலாசங்கள் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். இது மக்கட்டொகையினும் குறைவென்பது வெளிப்படை. ஆதலின் சில எண் தொகுதிகள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குமாறு 1996-இல் ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்குவன அவற்றுட் சில. நம் கல்லூரி விடுதியில் 12-ஆம் எண் அறை இருப்பதுபோல் மதுரைக் கல்லூரி விடுதியிலும் 12-ஆம் எண் அறை இருக்கலாமன்றோ? அதனால் குழப்பம் நேர்வதில்லை. ஏனெனில் அறை எண் விடுதிக்குள் மட்டுமே செல்லும். வெளியிலிருந்து வரும் கடிதங்கள் யாவும் விடுதியின் ஒரே முகவரிக்கு வர, காப்பாளர் பிரித்து அறைதோறும் அனுப்புகின்றார். ரூட்டர் அக்காப்பாளரை ஒப்பது. எந்த அறையினின்று எந்தக் கேள்வி வெளியே சென்றது என்று குறித்து வைத்துக்கொண்டு, விடை வரும்பொழுது அவ்வறைக்கே சேர்ப்பிக்கின்றது.

சப்நெட் மாஸ்க், கேட்வே என்னும் இரண்டையும் தொலைபேசியைக் கொண்டு விளக்கலாம். திண்டுக்கல்லின் தொலைபேசிக் குறியெண் 0451. நகருக்குள் ஒரு வீட்டுத் தொலைபேசியினின்று மற்றொரு வீட்டுக்குப் பேசுவோர் அக்குறியெண்ணைச் சுழற்றியதில்லை. வெளியூருக்கானால் அவ்வூர்க் குறியெண்ணை முன்னே சேர்த்தே சுழற்றினர். விலாசத்தின் எந்தப் பகுதி ஊர்க் குறியெண், எந்தப் பகுதி வீட்டெண் என்று பிரித்துக் காட்டுவதே 255.255.255.0 என்னும் மாஸ்க். முதல் மூன்று எண்கள் ஒத்திருந்தால் உள்ளூர், ஒவ்வாதிருந்தால் வெளியூர். வெளியூர்ச் செய்தியை யாரிடம் ஒப்படைப்பது என்பதே கேட்வே. அஃது எப்போதும் நம் ரூட்டரின் எண்ணே.

இனி முதன்மையான விஷயத்துக்கு வருவோம். கம்ப்யூட்டருக்குரிய விலாசத்தை ரூட்டரே கொடுக்க விடுவதா, நாமே எழுதி வைப்பதா? ரூட்டர் கொடுக்கும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். கம்ப்யூட்டர் விழித்தெழுந்தவுடன், ‘எனக்கொரு விலாசம் வேண்டும்’ என்று வீடெங்கும் கேட்கக் கூவும்; ரூட்டர் அப்போது யாரிடமும் இல்லாத எண் ஒன்றை எடுத்து, மாஸ்க், கேட்வே, டி.என்.எஸ். ஆகியவற்றையும் உடன் சேர்த்துக் குறித்த காலத்திற்குக் குத்தகையாக அளிக்கும். குத்தகைக் காலம் பாதி கழிந்ததும் கம்ப்யூட்டர் தானே புதுப்பித்துக் கொள்ளும். வீட்டார் அறியாமலே இவை யாவும் நடந்தேறும்.

இவ்வளவு செவ்வையான ஏற்பாடு இருக்கவும், பழுது பார்க்க வருவோர் சிலர் கம்ப்யூட்டரில் 192.168.1.2 என்று கையால் எழுதி வைத்துப் போகும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கேட்டால் ‘அப்போதுதான் நெட் வேகமாக வரும்’ என்பர். வேகத்திற்கும் இதற்கும் அணுவளவும் தொடர்பில்லை. ஆறு மாதங்கழித்து வீட்டார் வேறு நிறுவனத்தின் இணைப்புக்கு மாறுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். புதிய ரூட்டரின் எண் 192.168.0.1 ஆகவோ, ஜியோ ஃபைபர் போன்ற இணைப்பில் 192.168.29.1 ஆகவோ இருக்கும். கைபேசிகள் யாவும் செவ்வனே இயங்க, கம்ப்யூட்டர் ஒன்று மட்டும் ஊமையாய் நிற்கும். பழைய ஊரின் குறியெண்ணை அது சுழற்றிக்கொண்டிருக்கின்றது. வீட்டாரோ புதிய கம்பெனியைக் குறை கூறுவர். மற்றொரு தீங்கும் உண்டு. கையால் எழுதிய அதே எண்ணை, அக்கம்ப்யூட்டர் உறங்கும் வேளையில் ரூட்டர் ஒரு கைபேசிக்குக் கொடுத்துவிடக்கூடும். பின்னர் இரண்டும் ஒரே விலாசத்தில் நின்று ஒன்றையொன்று தடுக்கும். இன்று வரும், நாளை வராது என்னும் வகையைச் சேர்ந்த பழுதாகையால் இதனைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

ஆகவே கம்ப்யூட்டரில் ‘தானாகப் பெறுக’ என்பதே இருத்தல் நலம். அச்சு இயந்திரம், காமிராப் பெட்டி போல என்றும் ஒரே எண்ணில் இருக்கவேண்டிய கருவிகள் சில உண்டு. அவற்றுக்கும் கருவியில் எழுதுவதினும், ரூட்டரிலேயே ‘இக்கருவிக்கு இவ்வெண்’ என்று பதிவு செய்தல் சிறந்தது. இதனை அட்ரஸ் ரிசர்வேஷன் என்பர். கணக்கு முழுதும் ஒரே ஏட்டில் இருத்தலால் மோதலுக்கு இடமில்லை.

விலாச எண்ணைப் பார்த்தே நோயின் இடத்தை அறியவும் கூடும். கம்ப்யூட்டரின் எண் 169.254 என்று தொடங்குமாயின், கேட்டுக் கேட்டுப் பார்த்து விடை வாராமையால் அது தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். அப்போது பழுது நம் வீட்டுக்குள்தான். கம்பி கழன்றிருக்கலாம், அல்லது ரூட்டர் மயங்கியிருக்கலாம். வெளியே தொலைபேசியில் முறையிட்டுப் பயனில்லை. எண் 192.168 என்று ஒழுங்காய் இருந்தும் இண்டர்நெட் வாராதாயின், ரூட்டருக்கு அப்பால் பழுது இருத்தல் கூடும். ஐப்பசி மழையில் கம்பி அறும் நாட்களில் இச்சிறு சோதனை எத்துணையோ வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

நிற்க. மாடியில் வைஃபை எட்டவில்லையென்று இரண்டாவது ரூட்டர் ஒன்றை வாங்கி, முதலாவதன் பின்னே மாட்டுவோர் பலர். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவர்களுக்கு அது வேண்டியதே. ஆயினும் அப்படியே மாட்டினால் ஒரே விடுதியில் இரண்டு காப்பாளர் அமர்ந்து கடிதம் பிரிப்பது போலாகும். மாடிக் கம்ப்யூட்டர் கீழ்வீட்டு அச்சு இயந்திரத்தைக் காணமாட்டாது தவிக்கும். இரண்டாவது பெட்டியில் அக்ஸஸ் பாயிண்ட் என்னும் முறை இருந்தால் அதனைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இல்லையெனில் அதன் டி.எச்.சி.பி.யை அணைத்து, அதற்கு வேறெவரும் பயன்படுத்தாத உள்ளூர் எண் ஒன்றைக் கொடுத்து, இரண்டு பெட்டிகளின் லேன் துளைகளையே கம்பியால் இணைத்தல் வேண்டும். வேன் என்று குறித்த துளையைத் தீண்டலாகாது.

காமிரா விஷயத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். நம் ஊர்க் கடைக்காரர் பணத்தை வீணாக்குவது இங்கேதான். கடையில் காமிரா வைத்தவர் வீட்டிலிருந்தே அதனைக் காண விரும்புகின்றார். மாட்ட வந்தவர் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் என்னும் வழியைத் திறந்து வைக்கின்றார். அஃதாவது, வெளியிலிருந்து குறித்த எண்ணுள்ள கதவைத் தட்டுவோரைக் காமிராப் பெட்டிக்கு அனுப்புமாறு காப்பாளருக்கு ஆணையிடுகின்றார். எல்லாம் சரியாக எழுதியும் படம் வருவதில்லை. காரணம் கடையில் இல்லை. ஆசியா பசிபிக் பகுதிக்குரிய பழைய விலாசங்களின் இருப்பு 2011-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேயே கடைசித் தொகுதியை எட்டிவிட்டது. ஆதலின் இண்டர்நெட் தருவோர் பலர் வாடிக்கையாளர் பலரை ஒரே வெளிவிலாசத்தின்கீழ்க் கூட்டி வைத்துள்ளனர். நம் காப்பாளருக்கு மேல் மற்றொரு பெரிய காப்பாளர் இருப்பது போன்றது இது. அவருக்கு நம் ஆணை செல்லாது. இதனை அறிவதும் எளிதே. ரூட்டரின் நிலைமைப் பக்கத்தில் வேன் விலாசம் என்று காட்டும் எண் 10 என்றோ, அல்லது 100.64 முதல் 100.127 வரையோ தொடங்குமாயின், நாம் அக்கூட்டத்தில் ஒருவர் என்று கொள்க. அத்தகையார் தனி விலாசத்தைக் கட்டணம் செலுத்திப் பெறவேண்டும். அல்லது காமிராக் கம்பெனியின் சொந்த வழியைப் பயன்படுத்த வேண்டும். கதவுகளைத் திறந்து திறந்து பார்ப்பதில் பயனில்லை.

ஐ.பி. ஆறாம் பதிப்பு என்னும் புதிய விலாசமுறையில் இப்பற்றாக்குறை இல்லை. 2016-இல் தொடங்கிய ஜியோ போன்ற நிறுவனங்கள் அதனைப் பெருமளவில் வழங்குகின்றன. கம்ப்யூட்டரில் அதனை அணைத்து வைத்தால் நன்று என்று கூறுவாரும் உளர். காரணம் கேட்டால் கூறார். அதனை அணையாது விடுதலே தக்கது.

டி.என்.எஸ். என்பது பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் விலாசப் புத்தகம். நாம் வங்கியின் பெயரைத் தட்டுகிறோம். எந்த எண்ணுக்குச் செல்வதென்று புத்தகம் கூறுகின்றது. புத்தகம் பொய்த்தால் நாம் வங்கியென்று எண்ணி வஞ்சகன் வீட்டுக் கதவைத் தட்டுவோம். இது கற்பனையன்று. கம்ப்யூட்டர்களில் இக்கட்டத்தை மட்டும் மாற்றிவைத்த ஒரு தீய புரோகிராம், நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கம்ப்யூட்டர்களைப் பற்றியிருந்ததாக 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் அறிவித்தனர். பிரேசில் தேசத்தில் இக்கட்டத்தை வீட்டு மோடம்களிலேயே மாற்றி, வங்கிக் கணக்குகளைச் சூறையாடினர். அவ்வாறு கெட்ட மோடம்கள் 45 லட்சம் என்பது 2012-இல் வெளிவந்தது. கம்ப்யூட்டரில் யாதொரு குற்றமும் இல்லை. வாயிலில் இருந்த பெட்டியே விலைபோயிருந்தது.

இண்டர்நெட் தருவோரின் டி.என்.எஸ். ஒழுங்காய் இருக்குமட்டும் அதனை மாற்ற வேண்டுவதில்லை. அடிக்கடி தடுமாறினால் கூகிளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, குவாட் நைன் எனப்படும் 9.9.9.9 ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்ளலாம். பின்னது தீய தளங்களின் பெயர்களுக்கு விடை தர மறுப்பது. சிறுவர் உள்ள வீட்டார்க்கு ஆபாசத் தளங்களையும் மறைக்கும் 1.1.1.3 உதவும். ஆயினும் இவற்றை ரூட்டரில் எழுதுக, லேப்டாப்பில் எழுதற்க. லேப்டாப்பில் எழுதிய மாணவர் கல்லூரிக்கோ விடுதிக்கோ வரும்போது, அங்குள்ள வைஃபையின் நுழைவுப் பக்கம் திறவாமல் இடர்ப்படுவர்.

பப்ளிக், பிரைவேட் என்று விண்டோஸ் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. பப்ளிக் என்றால் நம் கம்ப்யூட்டர் அவ்வலையிலுள்ள பிற கருவிகளுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. வீட்டில் கோப்புக்களைப் பகிரும் பழக்கமில்லாதார் பப்ளிக் என்றே வைத்தாலும் ஒரு குறையும் நேராது. வீட்டு உரிமையாளரின் வைஃபையைப் பகிர்ந்துகொள்ளும் குடக்கூலிக்காரர் கட்டாயம் அவ்வாறே வைக்க வேண்டும்.

இனி ரூட்டரில் மாற்றியே தீர வேண்டியவற்றைக் கூறுவோம். திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர்; நம் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. செய்த பூட்டுக்களுக்கெல்லாம் ஒரே சாவியை வைத்துக் கொடுக்கும் தொழிலாளியை நம்மூரார் என்ன சொல்வர்? ரூட்டர் செய்த கம்பெனிகள் பல அதனையே செய்தன. பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். 2016-ஆம் ஆண்டு மிராய் என்னும் தீய புரோகிராம், இவ்வாறு கம்பெனி வைத்த பெயரும் சொல்லுமாக ஏறத்தாழ 60 இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு, உலகெங்குமுள்ள காமிராப் பெட்டிகளையும் ரூட்டர்களையும் தன் ஏவலாட்களாக்கியது. அவற்றைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அமெரிக்காவில் டைன் என்னும் டி.என்.எஸ். நிறுவனத்தைத் தாக்கவே, டுவிட்டர் முதலிய பெருந்தளங்கள் பல மணி நேரம் பலருக்கு எட்டாவாயின. அடுத்த ஆண்டு ஜூலை மாத இறுதியில் நம் அண்டை மாகாணமாகிய கர்நாடகத்தில் பாரத் சஞ்சார் நிகம் வாடிக்கையாளரின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. கெட்டவை பெரும்பாலும் அட்மின் என்னும் சொல்லை மாற்றாது வைத்திருந்தவை. நிறுவனத்தாரும் கடவுச்சொல்லை மாற்றுமாறு வாடிக்கையாளரை வேண்டிக்கொண்டனர்.

ஆதலின் முதற்கண் ரூட்டரின் அட்மின் சொல்லை மாற்றுக. அடுத்து வைஃபையின் சொல். இங்கே நம் பகுதியில் பெருவழக்காயுள்ள ஒரு பிழையைக் குறிப்பிடல் வேண்டும். நினைவிற்கு எளிதென்று வீட்டுத் தலைவரின் கைபேசி எண்ணையே சொல்லாக வைக்கின்றனர். நம் நாட்டுக் கைபேசி எண் 6, 7, 8, 9 என்னும் நான்கில் ஒன்றால் தொடங்கி, பின் ஒன்பது எண்கள் கொண்டது. ஆக மொத்தம் 400 கோடி வகை. வைஃபையின் கைகுலுக்கலை ஒருமுறை பிடித்துக்கொண்டவன், நல்ல கிராஃபிக்ஸ் அட்டையுள்ள கம்ப்யூட்டரில் விநாடிக்கு 5 லட்சம் எண்களைச் சோதிக்க வல்லவனாயின், 400 கோடியையும் சோதிக்க ஆகும் காலம் 8,000 விநாடி. இரண்டேகால் மணி நேரங்கூட ஆகாது. கடைப்பலகையில் எழுதியிருக்கும் எண்ணாயின் அவ்வளவு உழைப்பும் வேண்டா. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து எழுதினால் நினைவிலும் நிற்கும், எளிதில் உடையவும் மாட்டாது. 63 எழுத்துவரை இடமுண்டு.

பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ. மூன்றாம் வகை இருப்பின் அதனையும், இல்லையேல் ஏ.இ.எஸ். சேர்ந்த இரண்டாம் வகையையும் கொள்க. டபிள்யூ.இ.பி. என்பது 2001-லேயே உடைபட்டது. பொத்தானை அமுக்கி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். முறையில் எட்டிலக்கப் பின் ஒன்றுண்டு. அது இரு பாதியாகச் சோதிக்கப்படுதலால், கோடிக்கணக்கில் முயலவேண்டியது சுமார் 11,000 முயற்சிகளாகச் சுருங்கிவிடும் என்பது 2011-இல் வெளிப்பட்டது. அதனை அணைத்துவிடுக. வெளியிலிருந்து ரூட்டரை ஆளும் ரிமோட் மேனேஜ்மெண்ட் என்பதும் அணைந்தேயிருக்க வேண்டும்.

இவற்றைச் செய்யப் புகுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ரூட்டரின் பின்புறம் ஊசி நுழையும் துளை ஒன்றிருக்கும். மறந்துபோன சொல்லை அழிக்க அதனைக் குத்தலாம் என்று நண்பர் கூறுவர். குத்தினால் நாம் எழுதியவை மட்டுமன்றி, இண்டர்நெட் தருவோர் எழுதிவைத்த பி.பி.பி.ஓ.இ. பெயரும் சொல்லும் உடன் அழியும். அவையின்றி இணைப்பு உயிர்பெறாது. ஆதலின் துளையில் ஊசியை வைப்பதற்குமுன் கேபிள்காரரிடம் அவ்விரண்டையும் கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி, ரூட்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டாமல் பெட்டியில் பத்திரப்படுத்துக. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.